இடுப்பளவுக் குழி

உமேஷுக்கு வியர்ப்பது நின்றுபோனபோதுதான் எனக்கு விபரீதம் உறைத்தது.

2001, மே மாதம். சாயல்குடிக்குத் தெற்கே கடற்கரையில் இறங்கி, கூடாரம் அடித்துத் தங்கியபடி கிழக்கே மூன்று நாள் நடப்பது என்று மதுரையிலிருந்து கிளம்பியிருந்தோம். இரண்டாம் நாள் மதியம் பாறையில் என் கால் வழுக்கி, இருந்த ஒரே தண்ணீர்க் கேனும் உடைந்தது. இன்னொரு கேன் மதுரையிலேயே, கோச்சடையில் உமேஷ் வீட்டு வாசலில் இருந்தது. வீண் சுமை என்று அதை இறக்கிவைத்த மேதாவி நான்தான். "நான் பேரையூர்க்காரன்டா. தண்ணி எங்க கெடக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்று அலட்டியிருந்தேன்.

சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெயிலில் நடந்து உமேஷ் சுருண்டு விழுந்தான். அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் என்னால் ஆகாது. மணல்மேட்டுக்குப் பின்னால் தாழம்புதர் நிழலில் அவனைப் படுக்கவைத்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டால் தோண்ட ஆரம்பித்தேன்.

முழங்கை ஆழத்திலேயே மணல் ஈரமாக இருந்தது. நான் அதைச் சட்டை செய்யவில்லை. மேல் ஈரத்தை எங்கள் ஊரில் எவன் மதிப்பான்? ஆழப் போகப் போகத்தான் நல்ல தண்ணீர். எங்கள் கிணறே அறுபது அடி. இடுப்பளவு போனதும் ஊற்று பீறிட்டது. அள்ளி வாயில் ஊற்றினேன். ஒரே கரிப்பு.

"கொஞ்சம் பொறுடா, இந்தா வாரேன்!" என்று கத்திவிட்டு, பத்தடி தள்ளி இன்னும் ஆழமாக அடுத்த குழி. மணல் சரிந்து சரிந்து விழுந்தது. நகம் பிய்ந்தது. உமேஷ் சௌராஷ்டிரத்தில் ஏதோ முனக ஆரம்பித்தான். ஆறு வருடப் பழக்கத்தில் என்னிடம் அவன் அந்தப் பாஷையில் பேசியதே இல்லை. அம்மாவிடம் மட்டும்தான் பேசுவான். அந்த அம்மாவிடம் நான் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? இரண்டாவது குழியும் கரித்தது. ஆத்திரத்தில் தட்டை வீசியெறிந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். முனகல் நின்றுவிட்டிருந்தது.

ஓடினேன். உமேஷ் குப்புறக் கிடந்தான். குளிர்ச்சிக்காகக் கையாலேயே மணலைப் பறித்து, முகத்தை அதற்குள் கவிழ்த்திருந்தான். புரட்டினேன். வாயெல்லாம் மணல். உதட்டில் ஈரம்.

"மாப்ள... இது கரிக்கல."

முழங்கை ஆழம்கூட இல்லாத பள்ளம். அடியில் உள்ளங்கையளவு தண்ணீர் கசிந்து நின்றது. நக்கிப் பார்த்தேன். நல்ல தண்ணீர். மேலேயே நின்ற மழைத்தண்ணீரைத் தாண்டி, அடியில் கிடந்த கடல் உப்பைத் தேடி இரண்டு தடவை தோண்டியிருக்கிறேன், மடையன். துண்டை நனைத்து நனைத்து அவன் வாயில் பிழிந்தேன். அழுகை வந்தது, அழுதேன். ரொம்ப நேரம் கழித்து அவன் கழுத்தில் வியர்வை பூத்தது.

ஊறுவது போதாதென்று எனக்குப் பட்டது. கை தன்னால் பள்ளத்தின் அடியைப் பறிக்கப் போனது.

உமேஷ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"தோண்டாத மாப்ள. இம்புட்டுப் போதும்."