கொல்லைப் புதினா

என் கணவர் மருதுபாண்டி செத்து ஒரு வாரம் ஆகப் போகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட வரவில்லை. "கல்லாட்டம் உக்காந்திருக்கா பாரு" என்று கண்டனூரே பேசுகிறது. பேசட்டும். எனக்கே பயமாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராவிட்டால் நான் என்ன ஜென்மம்?

துக்கம் கேட்க வருகிறவர்கள் கை கழுவக் கொல்லைப் பக்கம் போகிறார்கள். அங்கே புதினா மண்டிக் கிடக்கிறது. திரும்பி வந்து ஆளாளுக்கு வைத்தியம் சொல்கிறார்கள்.

"பசிக்கலையா? புதினாவைக் கொதிக்க வச்சுக் குடி," என்றாள் பக்கத்து வீட்டு சந்திரலேகா அக்கா. "தலைவலின்னா கசக்கி நெத்தியில போடு. குமட்டலுக்கு அதைவிட மருந்து இல்ல. வாயுவுக்குக் கேக்கவே வேணாம்."

வாயுவுக்கு! அன்றைக்கு அவரும் அதைத்தான் சொன்னார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, "வாயு பிடிச்சிருக்கு ரோகிணி, ரெண்டு கொத்து புதினா கிள்ளிட்டு வா" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "அட சும்மா இரு, ஒரு ஏப்பம் விட்டாச் சரியாப் போகும்." கிள்ளி, கழுவி, கொதிக்க வைத்து டம்ளரோடு வந்தபோது ஆள் இல்லை. பெரிய டாக்டர் மாதிரி பேசிவிட்டுப் போய்விட்டார். கோபம் வருகிறது. தொண்டைக்கு வருவதற்குள் அதுவும் ஆறிப்போகிறது. உடம்பெல்லாம் மரத்துக் கிடக்கிறது.

மதியம் அவர் தங்கை செந்தாமரை தட்டோடு வந்தாள்.

"மதினி, புதினாத் துவையல் அரைச்சிருக்கேன். ஒரு வாயாவது சாப்பிடுங்க. நேத்தும் பட்டினியாத்தான் கிடந்தீக. உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

சோற்றில் பிசைந்து வாயில் வைத்தேன். மணமே தெரியவில்லை. அடுத்த நொடி காரம் மண்டைக்கு ஏறியது. அண்ணனுக்குப் பிடித்த மாதிரியே பச்சைமிளகாயை அள்ளிப் போட்டிருக்கிறாள், பாவி. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"அம்மாடி, அழுதுட்டா!" சந்திரலேகா அக்கா ஓடி வந்து என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். "அழு தாயி, நல்லா அழுது தீர்த்துரு."

கூடத்தில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்து அழுதார்கள். நான் அழவில்லை. காரம், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கி, கண் காய்ந்துவிட்டது.

நிமிர்ந்து உட்கார்ந்து, தட்டை செந்தாமரையிடம் நீட்டினேன்.

"துவையல் இன்னும் கொஞ்சம் வையி," என்றேன்.