ஜெயபாய் அக்காவின் புது முட்டு

...இவள் மட்டும் எப்படி இப்படி நடக்கிறாள், என்னைவிட மூத்தவள்தானே, போன கிறிஸ்துமஸுக்குக்கூட முழங்கால் வலியில் சுவரைப் பிடித்து ஆடி ஆடி வந்தவள்... சர்ச் பெஞ்சில் இருந்தபடி ராகேல் பார்த்தாள், கணவனின் அண்ணன் மனைவி ஜெயபாய் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் இராப்போஜனப் பந்திக்கு எழுந்து சேலை மடிப்புக் கலையாமல் ஆல்டரைப் பார்த்துப் போவதை. மஸ்கட்டிலிருந்து வந்த மகன் ஜெனின் அம்மாவுக்கு ஆபரேஷன் செய்து முட்டை மாற்றினான் என்று ஊரெல்லாம் பேச்சு, சென்னை மருமகள் அதைக் கோழி முட்டை என்று நினைத்தாளாம். சிரிப்பு வரவில்லை, வயிறுதான் எரிந்தது. எனக்குச் சர்க்கரை கூடுதல், ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், சர்க்கரைக்குக்கூட ஆள் பார்த்து வரத் தெரிகிறது... முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், மண்டியிட்டு முட்டு போட முடியாதவர்களுக்குப் போதகர் அப்பத்தை அங்கேயே கொண்டுவருவார், அம்மா அங்க இரி என்று மகள் ஜாஸ்மி காலையிலேயே சொல்லிவிட்டாள். ஒருமுறை அதில் உட்கார்ந்தால் அப்புறம் அங்கிருந்து சவப்பெட்டிக்குத்தான். மாட்டேன்.

எழுந்தாள், உட்கார்ந்து உறைந்த முட்டு நிமிர மறுத்தது, முதல் அடிகள் எப்போதும் இப்படித்தான், உள்ளே கறகறவென்று தேங்காய் துருவும் சத்தம், யாருக்கும் கேட்டிருக்குமோ? வலது காலில் பாரம் விழாமல் உடம்பை இடப்பக்கம் சாய்த்து, குட்டி குட்டி அடியாக... பிறன் பொருளை இச்சியாதே என்னும் பத்தாம் கற்பனையில் அயலான் வீடு உண்டு, எருது உண்டு, கழுதைகூட உண்டு, முட்டு இல்லை, ஆகவே இது பாவமில்லை என்று நினைத்தவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது, கர்த்தரிடமா வக்கீல் பேச்சு? ஆல்டர் படி ஏறிக் கடைசி ஆளாக வந்து நிமிர்ந்தாள். பந்தி முழுக்க முட்டு போட்டிருக்க, ஜெயபாய் மட்டும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். ஏன் நிற்கிறாள்... ஓ, புது முட்டில் முழங்கால்படியிடக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். அப்படியா சங்கதி! நெஞ்சுக்குள் சர்க்கரைப் பொங்கல் பொங்கியது. கம்பியை இறுகப் பிடித்து, பல்லைக் கடித்து, அவள் பக்கத்திலேயே ராகேல் முட்டு போட்டாள். கண்ணில் நீர் முட்டியது, பார்க்கிறவர்கள் பக்தி என்று நினைக்கட்டும்.

அப்பம் வந்தது, ரசம் வந்தது, எல்லாரும் எழுந்தார்கள், அவளால் மட்டும் முடியவில்லை. கால் மரக்கட்டை. அடுத்த பந்தி பின்னால் காத்து நின்றது. ஒரு கை அவள் தோளுக்கடியில் நுழைந்தது, மருதாணி எண்ணெய் வாசனை, ஜெயபாய்தான்.

"மெள்ள எந்திரிட்டி ராகேலு. ஒனக்காவது முட்டு போட முடியுதே. எனக்கு இனி கெடையாது பாத்துக்க."

அக்காவின் கண் ராகேலின் முகத்தில் இல்லை, முழங்காலில் இருந்தது. அந்தப் பார்வையை எங்கே கண்டிருக்கிறேன்... வேறெங்கு, இவ்வளவு நாளும் நான் இவளைப் பார்த்த பார்வை. அய்யோ பாவம் என்று தோன்றியது, தோன்றுவதற்கு முன்னால் இனித்தது, அந்த இனிப்பை அப்பத்தோடு சேர்த்தா விழுங்கினேன்? கையை உதறிவிடலாம்... ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குக் கஷ்டம், கீழே ஒரு படி இருக்கிறது. ராகேல் அந்தக் கையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.