ஒரு நாள் பேர்

தராசு முள் பத்தொன்பதில் நின்றது. ஈரத்துக்கென்று இரண்டு கிலோவைக் கழித்துவிட்டு, கணக்கப்பிள்ளை சுகிர்தாவுக்கு அரைப்பேர் போட்டார். பதினெட்டுக் கிலோ தேயிலைக் கொழுந்து இருந்தால்தான் முழுப்பேர், முழுச் சம்பளம். போனால் போகிறது, நாளைக்குக் கூடப் பறித்தால் பேர் திரும்பிவிடும்.

பின்னால் நின்ற சஞ்சீவனிக்கும் அன்று அரைப்பேர்தான். ஆனால் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் சுகிர்தாவின் வயிற்றை எரித்தது.

“நாளைக்கு மலைமுத்து முழுசையும் விக்கப் போறேன்டி. திங்கக்கெழம எம்மக விதுஷாவக் கண்டியில நர்ஸ் படிப்புக்குச் சேக்கணும். வெள்ளச் சப்பாத்துகூட வாங்கியாச்சு” என்றாள் சஞ்சீவனி.

மலைமுத்து கையில் பிடிக்கிற காசு அல்ல, போனுக்குள் மட்டும் இருக்கும் கிரிப்டோ காசு. “மொத்தமே பத்து லட்சம் காசுதான் அக்கா, மேல ஒண்ணுகூட அடிக்க ஏலாது. வெல ஏறிக்கிட்டேதான் இருக்கும்” என்று, புசல்லாவை டவுனில் போன் கடை வைத்திருக்கும் மோகனராஜ் போன வருடம் லயத்து வீட்டு வரிசைக்கே வந்து சொன்னான். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சஞ்சீவனி காதுத் தோட்டை விற்று வாங்கினாள். சுகிர்தா கேலி செய்தாள். விலை ஆறு மடங்கான பிறகு ஓடிப்போய்க் கொஞ்சம் வாங்கினாள். ஒரே மலை, ஒரே லயம், ஒரே பீலித் தண்ணீர். அவள் மகள் மட்டும் நர்ஸாம். சுகிர்தாவின் மகளோ கண்டியில் புடவைக் கடையில் நின்று நின்று கால் வீங்கிக் கிடக்கிறாள். எப்படிப் பொறுக்கும்?

அன்று மாலையே மோகனராஜின் கடையில் போய் நின்றாள்.

“சஞ்சீவனி நாளைக்கு அம்புட்டையும் விக்கப் போறா. தெரியுமா?”

அவன் முகம் மாறியது. “விட்டா எல்லாருக்கும் வெல விழும். அதுக்கொரு தடைப் பட்டியல் இருக்கு. அதுல அவங்க கணக்கு அட்ரஸ் ஏறினா வாங்கலாம், விக்க ஏலாது. மேல நடத்துறவங்ககிட்ட சொல்லிர்றேன்.”

“ஏதும் பெரிய பெரச்சனையாகுமா?”

“தோட்டத்துல பேர் வெட்டுற மாதிரித்தான் அக்கா.”

பேர் வெட்டுவதுதானே, மறுநாள் திரும்பிவிடும். ஒரு நாள் அந்தச் சிரிப்பு நின்றால் போதும் என்று திருப்தியோடு பஸ் ஏறினாள்.

மறுநாள் சஞ்சீவனியின் போனில், விற்க முடியாது என்று சிவப்பு எழுத்து வந்தது. அதற்கு மறுநாளும் அதே எழுத்து. “காசு இருக்குடி, கண்ணுக்குத் தெரியுது, எடுக்கத்தான் முடியல” என்று அவள் சுகிர்தாவின் தோளிலேயே சாய்ந்து அழுதாள். சுகிர்தா டவுனுக்கு ஓடினாள்.

“ரெண்டு நாளாச்சே. பேரத் திருப்பிப் போடு தம்பி.”

“இது தோட்டத்துச் செக்ரோல் புத்தகம் இல்ல அக்கா. ஏறினா ஏறினதுதான். புரோகிராம்ல எறக்குற வழிய எழுதவே இல்லயாம்.”

“அப்ப ஏன் பேர் வெட்டுற மாதிரின்னு சொன்ன?”

“உங்களுக்கு வெளங்கணுமேன்னு சொன்னேன்.” அவன் போனைத் திருப்பிக் காட்டினான். “விக்கிற ஆள் கொறஞ்சதால உங்க வெல ஏறியிருக்கு, பாருங்க.”

திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில் பனி இறங்கியிருந்தது. சஞ்சீவனிக்குப் பக்கத்தில் விதுஷா, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு நின்றாள். அவள் காலில், கடைக்காரன் திருப்பி எடுக்காத வெள்ளைச் சப்பாத்து, முன்பக்கம் செம்மண் அப்பிக் கிடந்தது. சுகிர்தாவின் மடியில் போன் கிணுங்கியது. விலை மறுபடி ஏறியிருக்கும். அவள் அதை எடுக்கவில்லை.

“புதுசா?” என்று கேட்டுவிட்டு, கணக்கப்பிள்ளை செக்ரோலில் விதுஷாவின் பேரைப் போட்டார்.