கட்டடத்தில் இருநூறு துண்டு

நுழைவுக் கூடத்தில் நாலு டைல்ஸைப் பெயர்த்து எடுத்ததும் அடியில் விரிசல் தெரிந்தது. டைல்ஸ்காரன் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தான். உள்ளே போனது. பக்கத்தில் நின்ற இன்ஜினியர், விரிசல் ஓடிய வழியே தூண்வரை நடந்தார். தூணைத் தட்டினார். யாருக்கோ போன் போட்டார். ஐந்து மாடியையும் இடிக்க வேண்டியதுதான், திங்கட்கிழமை நோட்டீஸ் ஒட்டலாம், அதுவரை மூச்சுக் காட்டக்கூடாது என்று பேசியபடியே வாசலுக்குப் போனார். குத்துக்காலிட்டிருந்தவனை அவர் பொருட்படுத்தவில்லை. தரையோடு தரையாகக் கிடப்பவனுக்கும் காது இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்.

இந்தக் கட்டடத்தில் அவனுக்கு இருநூறு துண்டு இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் இதன் டைல்ஸ் வேலை முடிந்தபோது முதலாளி கையை விரித்துவிட்டார். கட்டடத்தை லட்சம் துண்டாக்கி, துண்டுக்கு ஒரு டோக்கன் என்று பிளாக்செயின் என்னும் அழிக்க முடியாத இணையக் கணக்கில் ஏற்றியிருப்பதாகவும், கூலிக்குப் பதில் அதையே தருவதாகவும் சொன்னார். வாடகையில் பங்கு வரும், விலை ஏறினால் விற்கலாம், நடுவில் பேங்கும் கிடையாது, தரகனும் கிடையாது. “இனிமே நீங்கதான்யா ஓனர்” என்றார். ஓனர்கள் பதினோரு பேரும் அன்று பஸ்ஸுக்குக் காசில்லாமல் வீட்டுக்கு நடந்தார்கள்.

மற்றவர்கள் வந்த விலைக்கு விற்றுத் தின்றுவிட்டார்கள். அவன் விற்கவில்லை. கட்டடம் எங்கே ஓடிப்போகும் என்பான். முப்பது வருடம் குந்தி வேலை செய்ததில் இரண்டு முட்டியும் தேய்ந்து, ஆபரேஷன் செய்யாவிட்டால் இனி எழுந்து நிற்பதே பெரும்பாடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு அந்த இருநூறைத்தான் மலைபோல நம்பியிருந்தான்.

மாடிப்படிக்குக் கீழே, சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கிப் போனை எடுத்தான். வாங்கப்போகிறவன் யாரோ என்று மனசு ஒருதரம் இடறியது. எவனோ காசு கொழுத்தவன், ஊரும் தெரியாது, முகமும் தெரியாது என்று அதன் வாயை அடைத்தான். விலையைக் கொஞ்சம் குறைத்து, மொத்தத்தையும் விற்பனைக்குப் போட்டான். நாலு நிமிடத்தில் ஒரே ஆள் அள்ளிக்கொண்டான். பணம் வந்துவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு போனைப் பையில் போட்டிருப்பார்கள். அவன் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன். எதையும் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகத்தான் படிப்பான், பாதியில் விட்டால் யாராவது ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயம். வாங்கியவரின் கணக்கு எண் போல நீளமாக இருந்த வாலட் முகவரியையும் அப்படித்தான் படித்துக்கொண்டு போனான். பாதியிலேயே விரல் நின்றது. இதை அவனே எழுதியிருக்கிறான். அக்காவின் பீரோக் கதவுக்கு உட்புறம், மறந்துவிடாதே என்று, கறுப்பு மார்க்கரில்.

தனக்கு வந்த இருநூற்றுப் பத்தில் பத்துத் துண்டைச் சும்மா அனுப்பி, அவளுக்கு வாலட் திறந்து கொடுத்தவனும் அவன்தான். சலவை நிலையத்தில் பதினெட்டு வருடம் இஸ்திரி போட்டவளைப் போன மாதம் ஒரு தொகையைக் கையில் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள்.

போன் அடித்தது.

“தம்பி, எவனோ ஒரு கேனையன் இருநூறு துண்டைக் கம்மி விலைக்குத் தூக்கிப் போட்டிருந்தான்டா. கப்புனு புடிச்சுட்டேன். கட்டடம் எங்க ஓடிப்போகும்னு நீ சொல்லுவியே, அதான் இருந்ததையெல்லாம் போட்டுட்டேன். கேக்குதா?”

“கேக்குதுக்கா.”

“நல்லதா ஒரு வார்த்தை சொல்லேன்டா.”

“சிக்னல் சரியில்ல. அப்புறம் பேசறேன்.”

நடந்த விற்பனையை யாராலும் அழிக்க முடியாது. ஆனால் பணத்தைத் திருப்பி அனுப்ப யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவள் முகவரியைப் போட்டான். தொகையைப் போட்டான். அனுப்பவா என்று திரை கேட்டது.

“ஏம்ப்பா, பேத்ததப் பழையபடி ஒட்டிடு” என்று வாசலிலிருந்து இன்ஜினியர் குரல் கொடுத்தார். “திங்கக்கிழமை வரைக்கும் எவன் கண்ணுலயும் படக்கூடாது.”

போனைப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுக் குந்தினான். முட்டி இரண்டும் முனகின. பசையைக் குழைத்து விரிசல்மேல் பூசினான். இரண்டு கையும் மணிக்கட்டுவரை பசை. இதை வைத்துக்கொண்டு போனைத் தொட முடியாது, கழுவிவிட்டு வரலாம் என்று நினைத்தான். குழாய் பத்தடி தூரத்தில் இருந்தது. அடுத்த டைல்ஸை எடுத்து வைத்து, பசை பூசிய கரணையின் காம்பால் மெல்லத் தட்டினான். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோலச் சத்தம் கேட்டது. பக்கத்து டைல்ஸைத் தட்டினான். அதுவும் அப்படித்தான். அனுப்பவா என்று திரை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. அவன் அடுத்ததைத் தட்டினான்.