தண்ணீர் விடாத யோகான்

மிஸுயோகான் என்கிற பயற்று ஜெல்லியை மற்ற ஊர்க்காரர்கள் கோடையில் தின்கிறார்கள் என்று கேட்டால் தொகுஜிக்குச் சிரிப்பு வரும். வெளியே பனி கொட்ட வேண்டும். போர்வை போர்த்திய கணப்பு மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு, தட்டையான அட்டைப்பெட்டியிலிருந்து மரத்துண்டால் வழித்து வாயில் போட வேண்டும். ஜப்பானின் ஃபுகுயியில் பிறந்தவனுக்கு வேறு முறை கிடையாது என்பது அவர் கட்சி.

இந்த டிசம்பரில் அவர் கால்கள் மருத்துவமனைப் போர்வைக்குள் இருந்தன. அக்டோபரில் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து இடப்பக்கம் தளர்ந்துபோனது. கூடவே தொண்டையும் தன் வேலையில் பாதியை மறந்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் பேருந்து ஓட்டிய மனிதருக்கு இப்போது தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுத்தார்கள், சாப்பாடு மூக்குக் குழாயில் போனது. பயிற்சிக்காகக் கொடுத்த திராட்சை ஜெல்லியை அவர் துப்பினார்.

"போஸ்டர் ஒட்டுற பசை இதைவிட ருசியா இருக்கும், டீச்சரம்மா" என்றார், கொழகொழத்த குரலில்.

விழுங்கப் பயிற்சி கொடுக்கும் நனாசேவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தொகுஜியின் மகள் தமாகியை வராந்தாவுக்கு அழைத்துப்போய் விஷயத்தை உடைத்துச் சொன்னாள்.

"இருபத்தி மூணாம் தேதி சோதனை. ஜெல்லி புரையேறாம இறங்கினா வருஷப் பிறப்புக்கு வீட்டுக்கு அனுப்பலாம். இல்லேன்னா வயித்துல குழாய் வைக்கிறதப் பத்தி டாக்டர் பேசுவார். உங்கப்பா வாயே திறக்க மாட்டேங்கிறாரு, அக்கா. நான் என்ன பண்ணட்டும்?"

"மிஸுயோகான் செஞ்சு கொண்டாந்தா?"

"கொண்டாங்க. ஆனா நான் பார்த்து சரின்னு சொல்ற வரைக்கும் ஒரு கரண்டிகூட அவர் வாய்க்குப் போகக்கூடாது."

தமாகி மூக்குக்கண்ணாடிச் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் கீல்களைப் பரிசோதிப்பவள். அதிகம் பேச மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை கடற்பாசியை ஊறவைத்துக் கரைத்தாள். சிவப்புப் பயறு விழுதையும் கருஞ்சர்க்கரையையும் சேர்த்தாள். சூடாக ஊற்றினால் விழுது அடியில் தங்கி இரண்டு அடுக்காகிவிடும். அதனால் பாத்திரத்தின் அடி கைபொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை கிளறினாள். அப்பாவின் தொண்டையை நினைத்து, கடையில் விற்பதைவிடத் தண்ணீரைக் கூட்டினாள். அவருடைய ரத்தச் சர்க்கரையை நினைத்து இனிப்பைக் குறைத்தாள். மென்மையாக இருந்தால் சுலபமாக இறங்கும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நனாசே பெட்டியைத் திறந்து ஒரு துண்டைக் கரண்டியால் அழுத்தினாள். அது பொலபொலவென்று உதிர்ந்தது. பெட்டியின் ஓரத்தில் பழுப்பு நீர் தேங்கியிருந்தது.

"இது ஒரு பொருள் இல்ல அக்கா, ரெண்டு. முதல்ல இந்தத் தண்ணி தொண்டைக்கு ஓடும். பின்னாடியே தூள் போகும். அவரால ஒரே நேரத்துல ரெண்டையும் சமாளிக்க முடியாது."

"நல்லா மெத்துனுதான் இருக்கு."

"மெத்துன்னு இருக்கிறதாலதான் ஆபத்து."

கட்டிலிலிருந்து தொகுஜி எட்டிப் பார்த்தார். "கண்ணுல காட்டிட்டு எடுத்துட்டுப் போறியா? உங்கம்மாகூட இப்படிப் பழிவாங்கினதில்ல."

தமாகி பெட்டியை மூடினாள். காது சிவந்திருந்தது. மிஸுயோகான் என்றால் கடற்பாசி. ஃபுகுயியில் அதைக் கேள்வி கேட்டவர் யாருமில்லை, அவளும் கேட்கவில்லை. படியிறங்கும்போது தனக்குள் கேட்டாள். பெட்டிக்குள் இருந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது? அவள் ஊற்றியதுதான். தன்னால் பிடித்துவைக்க முடிந்ததைவிட அதிகமாக ஊற்றியதால் ஜெல்லி அதைக் கைவிட்டிருக்கிறது.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் சாயங்காலம் ஒரு சின்னக் கிண்ணம் செய்தாள். விரல் தடிமனில் ஒரு துண்டு வெட்டிக் காகிதக் கைக்குட்டையின் மேல் வைத்து அரைமணி நேரம் விடுவாள். பிறகு துண்டை எடுத்துவிட்டு ஈரவட்டத்தை அளவுகோலால் அளப்பாள். முதல் பெட்டியில் மிஞ்சியது உள்ளங்கை அகலத்துக்கு நனைத்தது. தண்ணீரைக் குறைத்தபோது வட்டம் சுருங்கியது, ஆனால் துண்டு இன்னும் உதிர்ந்தது. கடற்பாசிக்குப் பதில் ஜெலட்டின் போட்டபோது வட்டமே இல்லை. சந்தோஷமாக நனாசேவுக்கு ஃபோன் செய்தாள்.

"அவர் பாதி நேரம் வாயிலேயே வச்சிருப்பார், அக்கா. ஜெலட்டின் அந்தச் சூட்டுல உருகிடும். திரும்பவும் தண்ணிதான்" என்றாள் நனாசே. "வேற பாசியிலேர்ந்து எடுக்கிற ஜெல்லிப் பொடி ஒண்ணு இருக்கு. பேக்கரி சாமான் கடையில கேட்டுப் பாருங்க."

அந்தப் பொடி முதல் நாள் கட்டிகட்டியாகத் திரண்டது. மறுநாள் சர்க்கரையோடு உலர்வாகக் கலந்துவிட்டுத் தூவினாள், கரைந்தது. இனிப்பைக் கூட்டக் கூட்ட ஈரவட்டம் சிறுத்ததையும் கவனித்தாள். சர்க்கரை தண்ணீரின் கையைப் பிடித்து நிறுத்துகிறது. ரத்தச் சர்க்கரையைப் பற்றி வார்டு டாக்டரிடம் கேட்டாள். இரண்டு மூன்று கரண்டிக்கு ஒன்றும் ஆகாது என்றார். பயறு விழுதைத் துணியில் இரண்டு முறை வடிகட்டினாள். நாற்காலியில் சாய்ந்து, மோவாயைத் தாழ்த்தி, மெல்லாமல் தானே விழுங்கிப் பார்த்தாள். ஒன்பதாவது கிண்ணத்தின் வட்டம் கட்டைவிரல் நகத்தளவுதான் இருந்தது. நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தினால் அது உடையாமல் வளைந்தது.

இருபத்தி மூன்றாம் தேதி நனாசே அதை அழுத்தினாள், கவிழ்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மெல்லிசாக ஒரு சீவல் வெட்டினாள்.

"மெல்லக்கூடாது, ஐயா. அப்படியே முழுங்கணும்."

"மெல்லாம முழுங்க நான் என்ன நாரையா?" என்றவர், நிறத்தைப் பார்த்ததும் வாயைத் திறந்தார்.

நனாசே ஸ்டெதஸ்கோப்பை அவர் கழுத்தில் வைத்திருந்தாள். குரல்வளை ஏறி இறங்கியது. ஆ சொல்லச் சொன்னாள். சொன்னார். குரலில் ஈரக் கொழகொழப்பு இல்லை, தொண்டையில் எதுவும் தங்கவில்லை.

இரண்டாவது சீவலில் இருமல் வந்தது. முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்து, கட்டில் அதிர இருமினார். தமாகி பிடித்திருந்த பெட்டியின் ஓரம் நசுங்கியது. இருமல் அடங்கியதும் நனாசே மெதுவாக, "மென்னீங்க" என்றாள்.

"பழக்கம்" என்றார் தொகுஜி. பிறகு தாழ்ந்த குரலில், "விட்ரலாம், தமா. குழாயே வைக்கட்டும்."

"வைக்க மாட்டாங்க" என்றாள் தமாகி.

நனாசே இருவரையும் பார்த்தாள். கரண்டியைத் தமாகியிடம் நீட்டினாள். "வீட்டுல நான் இருக்க மாட்டேன். மூணாவது நீங்க குடுங்க. இதையும் பார்த்துட்டுத்தான் நான் எழுதுவேன்."

தமாகி ஒரு சீவலை வெட்டினாள். தடித்துவிட்டது. ஒதுக்கிவிட்டு இன்னொன்று வெட்டினாள். "மோவாயை இறக்குங்கப்பா. இன்னும். பல்லு படக்கூடாது. பட்டுச்சுன்னா நான் பொறந்த வீட்டு உறவே வேணாம்னு போயிடுவேன்."

"எங்க போவ? நீதான் கல்யாணமே பண்ணிக்கலியே."

"வாயைத் திறங்க."

சீவலை நாக்கின் நடுவில் படுக்கவைத்துக் கரண்டியை உருவினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தாடை அசையத் தொடங்கி, நின்றது. குரல்வளை ஏறியது. அங்கேயே நிற்பது போலிருந்தது. இறங்கியது.

இருமல் வரவில்லை. நனாசே காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருந்தாள். தமாகியும்.

"சொல்லுங்கப்பா."

ஆ என்று சொல்ல வேண்டியவர் உதட்டை நக்கிக்கொண்டார். "இனிப்பு ஜாஸ்தி" என்றார், பேருந்தில் அடுத்த நிறுத்தத்தைச் சொல்கிற தெளிந்த குரலில். "ஃபுகுயிக்காரன் எவனும் இதை யோகான்னு ஒத்துக்க மாட்டான்."

"ஒத்துக்க வேணாம். முழுங்கினா போதும்."

நனாசே ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிவிட்டுப் பேனாவை எடுத்தாள். வருஷப் பிறப்புக்கு மூன்று நாள் வீட்டில். வாய்வழியே ஜெல்லி மட்டும், ஒரு வேளைக்கு மூன்று சீவல், மகள் கையால். எழுதிக்கொண்டே தலைநிமிராமல் கேட்டாள்.

"இதோட அளவெல்லாம் எழுதி வச்சிருக்கீங்களா, அக்கா?"

தமாகி கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.