ஃப்ரீசருக்குப் பார்த்த இடம்

சமையல்கூடத்துத் தரையில் மஞ்சள் டேப் ஒட்டிய நாளிலிருந்து ஸ்டோர் பார்க்கும் சாவியால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை.

ஒட்டியவர் குளிர் அறைக் கம்பெனிக்காரர். கூலருக்கு ஒரு கட்டம், ஃப்ரீசருக்கு ஒரு கட்டம், கதவு திறந்து மூடுவதற்கு ஓர் அரைவட்டம். "கொஞ்ச நாள் இதை நிஜச் சுவர்னு நினைச்சுப் புழங்குங்க. எங்க இடிக்குதுன்னு இப்பவே தெரிஞ்சுடும். சுவர்ப் பேனல் வந்து இறங்கினப்புறம் இடிக்குதுன்னா நான் என்ன பண்ண?" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

யார் கேட்டார்கள்? மாஸ்டர் ஆவி பறக்கும் சூப் அண்டாவோடு சுவரைத் துளைத்துக்கொண்டு போனார். "பேய்க்குச் சுவர் ஏது?" என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். பாத்திரம் கழுவும் பெண்கள் ஃப்ரீசர் நட்டநடுவில் நின்று ஊர்வம்பு பேசினார்கள். சாவி ஒருவர்தான் கோட்டை மிதிக்காமல் சுற்றிப் போனார். போய்விட்டுத் திரும்பி வருவார். குனிந்து பார்ப்பார். மறுபடியும் சுற்றுவார்.

ஸ்டோர் முழுக்க அவர் பொறுப்பு. இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கக் குலுங்க நடப்பதால் பெயரும் சாவி என்று ஆகிவிட்டது. வருகிற மூட்டை, பெட்டி, இறைச்சி, மீன் எல்லாவற்றையும் நிறுத்து வாங்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, இடம் பார்த்து அடுக்குவது வேலை. மூன்று ஆஸ்பத்திரிக்கும் இரண்டு ஆலைக்கும் இங்கிருந்துதான் சாப்பாடு போகிறது. பழைய ஃப்ரிட்ஜ்களும் ஐஸ்காரர் தினமும் ஐஸ் நிரப்பும் பெட்டிகளும் தாங்காமல்தான் ஆள் உள்ளே போய்வருகிற மாதிரி இரண்டு அறை போடலாம் என்று முதலாளியம்மா முடிவு செய்தார்.

கூலரில் சாவிக்கு ஒரு குறையும் இல்லை. ஃப்ரீசர்தான் பிரச்சினை. கம்பெனிக்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார்: "கூலருக்கு இருக்கிற டைல்ஸ் தரையே போதும். ஃப்ரீசருக்கு அடியில தனித் தரை போடணும். இல்லேன்னா குளிர் கீழ இறங்கித் தரை வெடிச்சுடும். நாலு அங்குலம் உசரும். வண்டி ஏற ஒரு சாய்வுப் பலகை போட்டுக்கலாம்."

அந்தப் பலகைதான் சாவியின் தூக்கத்தைத் தின்றது. மீசை முளைக்கும் முன்னே மூட்டை தூக்க ஆரம்பித்தவர். இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய்விட்டது. சமதரையில் தெரியாது. தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டால் அதுவே அவருக்குக் கைத்தடி. வண்டி இல்லாதபோது பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடப்பார். ஏற்றம் என்று வந்தால் இடுப்புக்குள் ஆணி இறங்கும். கைத்தடியாக இருக்கிற வண்டியே பாரத்தோடு திரும்பி நெஞ்சில் இடிக்கும். இது மனைவிக்கு மட்டும் தெரியும். அவளும் இதே கூடத்தில் காய் நறுக்குகிறவள். ஸ்டோரில் ஏறி இறங்க முடியாதவனை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? வாசலில் வேலை கேட்டு வந்து நிற்கிறவர்களுக்கா பஞ்சம்?

அதனால் ஃப்ரீசருக்கு எந்த இடம் சொன்னாலும் சாவி முட்டுக்கட்டை போட்டார். அடுப்புப் பக்கமா? சூட்டில் மிஷின் ஓயாமல் ஓடும். கழுவும் இடத்துப் பக்கமா? கதவு திறந்தால் வழி அடைபடும். பின்பக்க முற்றமா? கம்பெனிக்காரர் வாயை மூடுவதற்குள், "மழை, எலி, திருட்டு!" என்று ஒரே மூச்சில் அடித்துவிட்டார். முற்றத்துக்கு இறங்க ஒரு படி உண்டு. அந்தப் படிக்குப் பயந்தே குப்பைக்கூடையை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுப் பல மாதமாக அந்தப் பக்கம் போகாமல் இருக்கிறார். அது வெளியில் தெரியுமா?

இன்று ஆர்டர் போடுகிற நாள்.

மதியச் சாப்பாடு வண்டி ஏறிப் போனதும் முதலாளியம்மா கம்பெனிக்காரரோடு உள்ளே வந்தார். கூடத்தில் எல்லாருக்கும் அவர் அக்கா. கம்பெனிக்காரர் ஃப்ரீசர் கட்டத்தின் வாசலில் ஒரு மரக்கட்டையை வைத்து, அதன் மேல் பலகையைச் சாய்த்தார். பக்கத்தில் தரைப் பேனலின் துண்டு ஒன்றையும் மாதிரிக்கு வைத்தார். இரண்டு பக்கம் தகடு, நடுவில் கெட்டியான நுரை.

"அண்ணே, வண்டியைக் கொண்டாங்க. ஏத்திப் பாத்துட்டா ஏற்றம் சரியான்னு தெரிஞ்சுடும்."

"இந்த இடமே சரியில்லைன்னு சொல்லிட்டேனே" என்றார் சாவி. "மேல பாருங்க. அங்க வைக்கப்போற மிஷின்ல சொட்டுற தண்ணி எங்க போகும்? தலையில ஊத்திக்கிறதா?"

"அதுக்குக் குழாய் இருக்குண்ணே."

"குழாய் அடைச்சுக்கிட்டா?"

"அடைச்சா எடுத்துவிடுவோம்" என்றார் அக்கா. "நீ இங்க வா."

சாவி போனார். சாவிக்கொத்து மட்டும் கலகலவென்று பேசியது.

"நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கூலர்னா வாயே திறக்க மாட்டேங்கிற. ஃப்ரீசர்னா மட்டும் காலுல வெந்நீர் ஊத்தின மாதிரி குதிக்கிற. ஃப்ரீசர் வந்தா யார் பொழப்புல மண்ணு? ஐஸ்காரன் பொழப்புல. சொல்லு, அவன் உனக்கு என்ன தர்றான்?"

காய் நறுக்கும் மேசையில் கத்திச் சத்தம் நின்றது. மாஸ்டர் அடுப்பைத் துடைப்பதுபோல ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாவி பலகையைப் பார்த்தார். ஐஸ்காரரிடம் ஒரு டீகூட ஓசியில் வாங்கிக் குடித்ததில்லை. வாயைத் திறந்து அதைச் சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அப்படியானால் எதற்கு இத்தனை நாள் குறுக்கே நின்றாய்? அதற்குப் பதில் பலகையில் இருக்கிறது. கை நீட்டிக் காசு வாங்கியவன் என்றால் அக்கா திட்டுவார், சாவிக்கொத்தைப் பிடுங்குவார், நாலு நாள் முகம் கொடுக்க மாட்டார். காலில்லாதவன் என்றால்?

"ஆமாக்கா" என்றார். "வாங்கினேன்."

"எப்ப வாங்கின?"

"அப்பப்ப."

கத்தி மேசையில் தட்டென்று விழுந்தது. மனைவி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"யாரு வாங்கினா? என் வீட்டுல எனக்குத் தெரியாம எந்தப் பானையில வச்சீங்க? மிச்சமாகிற ரொட்டியைக்கூட கேட்டுட்டு எடுத்துட்டு வர்ற மனுஷன், வாங்கினாராம்!"

"நீ போய் வேலையைப் பாரு."

"பாக்கத்தான் போறேன். அக்கா, இவரை அந்தப் பலகையில ஏறச் சொல்லுங்க."

"ஏய்!"

"ஏறச் சொல்லுங்கக்கா. ஏறட்டும். எல்லாம் தெரிஞ்சுடும். எம்புருஷனைத் திருடன்னு நாளைக்கு நாலு பேரு சொல்லி, என்னால இந்த மேசையில நின்னு வெங்காயம் உரிக்க முடியாது."

அக்கா வண்டியைக் கண்ணால் காட்டினார். அதில் இறைச்சிப் பெட்டிகள் இருந்தன.

சாவி கைப்பிடியைப் பிடித்தார். பலகை வரைக்கும் வண்டி வெண்ணெயாக உருண்டது. முன்சக்கரம் ஏறியது. வலது காலை வைத்தார். இடது காலைத் தூக்கி ஊன்றும்போது ஆணி இறங்கியது. முட்டி மடங்கியது, வண்டி பின்னால் வந்தது. கம்பெனிக்காரர் பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் பெட்டிகளோடு அவர் மேலேயே சரிந்திருக்கும். சாவி ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு, நிஜ ஃப்ரீசராக இருந்தால் கதவு இருந்திருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு நாளா?" அக்கா கேட்டார்.

"வருஷம் தாண்டிடுச்சுக்கா" என்றாள் மனைவி. அக்கா சாவியை முறைத்தார்.

"சொல்ல வாயில்லையா உனக்கு? திருடன்னு ஒத்துக்கிற அளவுக்கு வந்துட்டியே, மடையா. திருடன்னா பூட்டை மாத்தினாப் போதும். வண்டி மேல விழுந்து நீ செத்திருந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"தரையைப் பள்ளம் தோண்டிப் பதிச்சுட்டா ஏற்றமே இருக்காதாமே" என்று மாஸ்டர் மெல்ல இழுத்தார்.

"தோண்டுறதுக்குக் கூடத்தை மூடணும். ஆஸ்பத்திரிக்காரங்க பட்டினி கிடப்பாங்களா? நீ போய்ச் சமைச்சுப் போடுவியா?"

அக்கா அதட்டியதும் மாஸ்டர் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

கம்பெனிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஏற்றந்தான் பிரச்சினையாண்ணே? அதைச் சொல்லியிருக்கலாமே. முதல் நாளே பின்பக்க முற்றம்னு நான் எதுக்குச் சொன்னேன்?"

"அங்கேயும் படிதானே" என்றார் சாவி. "இறங்கணுமே."

"ஐயோ அண்ணே! முற்றம் பள்ளத்துல இருக்கு. ஃப்ரீசரோட தரைக்கனம் அந்தப் பள்ளத்தை அடைச்சுடும். சுவர்ல கதவை வெட்டிட்டா, சமையல்கட்டுத் தரையும் ஃப்ரீசர் தரையும் ஒரே மட்டம். வண்டி நேரா உருண்டு உள்ள போகும். முழுசாச் சொல்ல விட்டீங்களா? மழை, எலி, திருட்டுன்னு என் வாயை அடைச்சுட்டீங்க."

பிறகு கழுவும் இடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது மாஸ்டருக்குத் தொற்றியது. மனைவிக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. வெங்காயம் என்று சொல்லிக்கொண்டாள். சாவி மட்டும் சிரிக்கவில்லை. தப்பிக்கக் கிடைத்த ஒரே வழியைத் தன் வாயாலேயே அடைத்திருக்கிறார். இத்தனை ராத்திரி புரண்டு புரண்டு படுத்ததெல்லாம் இதற்குத்தானா?

"கூரை போடணும். மிஷினுக்குக் கம்பிக்கூண்டு வேணும். செலவு கூடும்" என்றார் கம்பெனிக்காரர்.

"கூடட்டும். அந்த அனலும் இரைச்சலும் வெளியே போகுமில்ல? அதுவே போதும்." அக்கா சாவியின் பக்கம் திரும்பினார். "ரொம்பச் சந்தோஷப்படாத. உனக்காக வைக்கல. அறை வந்து சேர்றதுக்குள்ள டாக்டரைப் பாரு. தரையை உன் காலுக்கு ஏத்த மாதிரி வச்சுடலாம். மேல் தட்டுக்குப் பெட்டி தூக்க இன்னொரு ஆளைத்தான் பாக்கணும். அவன் வந்தப்புறம் உனக்கு என்ன வேலைன்னு அப்ப யோசிப்போம்."

"அக்கா, என் வேலை..."

"யோசிப்போம்னு சொன்னேன்ல."

அக்காவும் கம்பெனிக்காரரும் கணக்கறைக்குப் போய்விட்டார்கள். சாவியிடம் சாவிக்கொத்தை அக்கா திருப்பிக் கேட்கவில்லை. மறந்தாரா, விட்டுவைத்தாரா என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

சாவி எழுந்து தரையில் இருந்த டேப்பை உரிக்கப் பார்த்தார். அது பாதி வந்தது, பாதி டைல்ஸோடு ஒட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு, பேனல் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்கதவுக்கு நடந்தார். நேராக நடக்க வேண்டிய அவசியம் இனி இல்லை. ஆனாலும் பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டார்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்த வாக்கில் முற்றத்தில் இறங்கினார். துண்டைப் படியோரம் கிடத்திப் பார்த்தார். படி துண்டைவிட ஒரு விரல்கடை உயரமாக இருந்தது. துண்டைத் தள்ளி வைத்தார். அங்கேயும் ஒரு விரல்கடை. சக்கரம் இதில் இடிக்காதா? கால் இடறாதா?

மனைவி கதவோரம் வந்து நின்றாள்.

"இங்க பாரு, மட்டம் வரல" என்றார்.

"அடியில சிமெண்ட் போட்டு ஏத்திக்குவாங்க."

"போடுவாங்களா? கம்பெனிக்காரர் கிளம்பிடலையே? போய்ச் சொல்லேன். ஒரு விரல்கடைன்னு சொல்லு."

"நீங்களே சொல்லுங்க" என்று கையை நீட்டினாள். "எழுந்திரிங்க. இந்தத் தடவை முழுசாக் கேட்டுட்டு வாங்க."

அவர் அந்தக் கையைப் பிடிக்கும் முன், துண்டை இன்னொரு முறை படியோடு ஒட்டி வைத்துப் பார்த்தார்.