வாசிச்சுக் காட்டுனா போடுதேன்

தென்காசியில் ஒரு செருப்புக் கடையின் மாடியில்தான் அந்தச் செய்தி வெப்சைட்டின் ஆபீஸ். செய்திகளுக்குக் கீழே ஜனங்கள் எழுதும் கமெண்டுகளைப் பார்த்து ஏற்றுவது ஜெபமலரின் வேலை. அவள் பார்த்து விடாமல் ஒரு வரிகூட ஏறாது.

சாரல் சீசன் தொடங்கிவிட்டால் மதுரைக்காரர், கோவில்பட்டிக்காரர் என்று யாராவது, "ஐந்தருவியில இப்ப தண்ணி எப்படி, பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலாமா?" என்று கேட்பார்கள். அருவிப் பக்கம் நிற்கிற யாராவது பதில் போடுவார்கள். அதெல்லாம் நல்ல பக்கம். கோயில் கொடைத் திருவிழா, காதல் கல்யாணம் என்று ஏதாவது செய்தி வந்துவிட்டால் போதும், சாதிப் பெயரைச் சொல்லி வசவு வந்து குவியும். ஜெபமலர் அதைச் சும்மா அழித்துவிட்டுப் போகிறவள் இல்லை. கமெண்ட் போட போன் நம்பர் கொடுத்தாக வேண்டும். அந்த நம்பருக்கே கூப்பிடுவாள்.

"அண்ணாச்சி, நீங்க எழுதுனத ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க. வாசிச்சுக் காட்டுனா இப்பவே போடுதேன்."

"அது வந்து மேடம்... பக்கத்துல எங்க வீட்டம்மா இருக்காவ."

"இருந்தா என்ன? அவியளும் கேக்கட்டும்."

அதோடு லைன் கட்டாகிவிடும். ஒருத்தன் மட்டும் துணிந்து பாதி வரை வந்தான். பின்னாலிருந்து அவன் அம்மா, "ஏலே, யாரப் பாத்து இப்படிப் பேசுத?" என்று கேட்டதும் போன் தரையில் விழுந்த சத்தம்தான் கேட்டது.

அன்று திங்கட்கிழமை. முந்தின நாள் செய்தி ஒன்று நிறையப் பேர் கைக்குப் போயிருந்தது. 'ஐந்தருவியில் குடிபோதையில் குளிக்க வந்த வேன் டிரைவர் வழுக்கி விழுந்து படுகாயம்.' எழுதியவர் வெப்சைட்டின் முதலாளி அய்யாத்துரை. காலையில் ஆபீஸைத் திறந்ததுமே அந்த டிரைவர் ஜெஸ்வினின் மனைவி ஜெனி ஆய்க்குடியிலிருந்து போனில் அழுதாள்.

"அவரு குடிக்கவே மாட்டாரு மேடம். கால் முறிஞ்சு கெடக்காரு. அவரு ஓட்டுறது ஸ்கூல் வேன். ஒங்க செய்தியப் பாத்துட்டு, கால் சரியானாலும் வண்டியில ஏறாண்டாம்னுட்டாவ."

போனை வைத்த கையோடு அந்தக் கமெண்ட் வந்தது.

'நான் உலகம்மாள். ஐந்தருவியில பழக்கடை. விழுந்தவரு குடிக்கல. பக்கத்து லாட்ஜ்ல அடுப்படித் தண்ணிய படிக்கட்டுல விடுதாவ. ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. அதுல வழுக்கித்தான் விழுந்தாரு. நாந்தான் தூக்கினேன். வாயில ஒரு வாடையும் இல்ல.'

லாட்ஜின் பெயரையும் எழுதியிருந்தாள். வசவு இல்லை, சாதி இல்லை. ஜெபமலர் உடனே ஏற்றிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மாடிப்படி அதிர்ந்தது. லாட்ஜ் முதலாளி சொரிமுத்து மூச்சு வாங்க வந்து நின்றார். பின்னாலேயே அய்யாத்துரை. வெப்சைட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவதே அந்த லாட்ஜின் விளம்பரம்தான்.

"எம்மா, அத எடு" என்றார் சொரிமுத்து. "உலகம்மாளாவது எழுதவாவது. எவனோ அவ பேருல வெளையாடுதான்."

"எடுத்துரு மலரு" என்றார் அய்யாத்துரை. "பேசாம இந்தக் கமெண்டு கண்றாவியவே மூடிருவோம். செய்திய நம்ம போடுவோம், படிக்கவன் படிச்சுட்டுப் போட்டும்."

ஜெபமலருக்குச் சுருக்கென்றது.

"ஊரு வசவெல்லாம் வந்து கெடந்தப்ப மூடலாம்னு ஒருநாளாவது சொன்னியளா அண்ணாச்சி? அத்தனையும் நாந்தான் அள்ளி வெளிய கொட்டுனேன். இன்னைக்கு ஒருத்தி கண்ணால பாத்தத எழுதிட்டா, அதுக்கு மூடணுமோ? மூடுங்க. நானும் கீழ எறங்கிப் போயிருதேன்."

"கோவப்படாத."

"கோவமே இல்ல. அவ எழுதுனாளா இல்லியான்னுதான சந்தேகம்? கேட்டுருவோம்."

போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். அருவி இரைச்சலும், "மங்குஸ்தான், ரம்புட்டான்" என்ற கூவலும் ஆபீஸுக்குள் வந்து விழுந்தன.

"யக்கா, நீங்க போட்ட கமெண்ட ஒருக்கா வாசிச்சுக் காட்டணும்."

"ஏன், எழுத்து புரியலியா?"

"புரியுது. நீங்கதான் எழுதுனியளான்னு இங்க ஒருத்தருக்குச் சந்தேகம்."

"யாரு, சொரிமுத்து அண்ணாச்சியா? அங்கனதான் இருக்காரா? அப்ப சத்தமாத்தான் வாசிக்கணும், இங்க தண்ணி இரைச்சலு."

உலகம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு, எழுத மறந்ததையும் சேர்த்துக்கொண்டாள். "ஒங்க மேனேஜர்கிட்ட எத்தன தடவ சொன்னேன் அண்ணாச்சி? நானே சாம்பல அள்ளிப் போட்டுப் பாத்தேன்."

சொரிமுத்து போன் பக்கம் குனிந்தார். "உலகம்மா, ஒன் கடை எங்க செவுத்த ஒட்டித்தான் இருக்கு. பாத்துக்க."

"பாக்கத்தான செய்தேன்? அந்தச் செவுத்து ஓட்டையிலதான் தண்ணியே வருது. கடைய வேணா தூக்குங்க. தலையில கூடைய வச்சிட்டு ஒங்க வாசல்லயே விப்பேன்."

அந்தப் பக்கம் பழம் வாங்க நின்றவர்கள் சிரிப்பது கேட்டது.

"நீங்களும் பதில் எழுதுங்க அண்ணாச்சி" என்றாள் ஜெபமலர். "யாருக்கும் ஒரே சட்டந்தான். வாசிச்சுக் காட்டுங்க. அவ எழுதுனதுக்குக் கீழயே போடுதேன்."

"அதுக்கென்ன? எழுதிக்கோ. எங்க லாட்ஜ்ல இருந்து ஒரு சொட்டுத் தண்ணி..."

"நல்லாச் சொல்லுங்க" என்றது போன். "எல்லாரும் கேட்டுட்டுத்தான் நிக்கோம். ஒங்க சமையக்காரரும் இங்கனதான் எலுமிச்சம்பழம் பொறுக்குதாரு."

சொரிமுத்து தோள் துண்டை உருவினார். நெற்றியைத் துடைத்தார். அய்யாத்துரையைப் பார்த்தார். "வெளம்பரம் கிளம்பரம்னு இனிமே எங்க வாசல்ல வந்து நிக்காதியும், பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அய்யாத்துரை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "போச்சு."

ஜெபமலர் போனை வைக்கப் போனாள்.

"எம்மா, ஒரு நிமிசம்" என்றாள் உலகம்மாள். "நான் எழுதுனத வாசிக்கச் சொன்ன, வாசிச்சேன். அந்த மனுசன் குடிச்சிருந்தாருன்னு எழுதுனாவள்லா, அவிய வாசிச்சுக் காட்டுனாவளா?"

ஜெபமலர் அய்யாத்துரையைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமாக ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். பக்கத்து மேஜையைக் கேட்டதே இல்லை.

"இல்லக்கா" என்றாள். "இப்ப கேக்கேன்."

போனை வைத்துவிட்டு ஜெனியைக் கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் திரையை அய்யாத்துரை பக்கம் திருப்பினாள்.

"அண்ணாச்சி, குடிச்சிருந்தான்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"சொரிமுத்துதான் போன்ல சொன்னாரு."

"நீங்க வேற யார்கிட்டயாச்சும் கேட்டியளா?"

அவர் திரையை மறுபடி அவள் பக்கமே திருப்பப் பார்த்தார்.

"ஜெனி லைன்ல இருக்கா. அந்தச் செய்திய அவளுக்கு வாசிச்சுக் காட்டுங்க. வாசிச்சிட்டியன்னா அது அப்படியே கெடக்கட்டும்."

"மலரு, என்ன இது..."

"ஒரே சட்டந்தான் அண்ணாச்சி."

"வாசிங்க சார்" என்றது ஜெனியின் குரல். "கேக்கேன்."

அய்யாத்துரை கண்ணாடியை மாட்டினார். "ஐந்தருவியில்..." என்று ஆரம்பித்தார். அடுத்த வார்த்தை 'குடிபோதையில்'. மறுபடியும் "ஐந்தருவியில்" என்றார். ஜெனியின் மூச்சு மட்டும் கேட்டது.

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இத வாசிக்க முடியாதும்மா. இரு, வேற எழுதுதேன்."

கீபோர்டை இழுத்து ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். ஜெபமலர் உதவிக்குப் போகவில்லை. எழுதி முடித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"போட்டுரவா?"

"வாசிக்காமலா?"

அவர் போன் பக்கம் திரும்பினார். "நேற்று நாங்கள் வெளியிட்ட செய்தி தவறு. ஆய்க்குடியைச் சேர்ந்த வேன் டிரைவர் ஜெஸ்வின்..."

"சார், சார், நில்லுங்க" என்றாள் ஜெனி. "போன அவரு காதுப்பக்கம் வைக்கேன். மொதல்ல இருந்து வாசிங்க. சத்தமா."